கயாக்கில் அமர்ந்து தோமான் பிடிக்க ஒரே ஒரு கோல்: எதைப் பார்த்து வாங்குவது?

ஈயக்குட்டைக் கரையில் தூண்டில் போடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. கம்பார், பத்து காஜா, துரோனோ வட்டாரங்களில் வளர்ந்த பலர், பள்ளி விடுமுறையில் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக அந்தக் குட்டைகளைச் சுற்றி வந்தவர்கள்தாம். அண்மைக் காலமாக அவர்களில் சிலர் கரையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். காரின் கூரையில் பிளாஸ்டிக் கயாக் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கரையிலிருந்து எறிந்தால் எட்டாத தாமரைத் திட்டு வரை துடுப்புப் போட்டுச் சென்று, அங்கே தோமானையும் ஹருவானையும் தேடுகிறார்கள்.

கயாக் வாங்கிய கையோடு எழும் கேள்வி, எந்தக் கோலை எடுத்துச் செல்வது என்பது. கரையில் நிற்பவர் நான்கு கோல்களைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். கயாக்கில் இடமில்லை. இரண்டு கோல் வைத்தாலே துடுப்பு இடிக்கும், மீன் இழுக்கும்போது நூல் சிக்கும். செலவும் ஒரு காரணம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025இல்தான் 1,700 வெள்ளியானது. அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர் மீனுக்கு ஒரு கோல் என்று வாங்கிக் குவிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்துகிற ஒரு கோல்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அந்த ஒரு கோலைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: நீங்கள் நிற்கப் போவதில்லை, உட்காரப் போகிறீர்கள். நீர்மட்டத்துக்கு ஓர் அடி மேலே, காலை நீட்டி, மிதவை அங்கி போட்டுக்கொண்டு உட்காரப் போகிறீர்கள். கடையில் நின்றுகொண்டு வீசிப் பார்க்கும்போது அருமையாக இருக்கும் கோல், அப்படி உட்கார்ந்தவுடன் வேறு பொருளாகிவிடும்.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வாங்குவோருக்கு

கயாக் மீன்பிடிப்பு பற்றிய காணொளிகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே மஸ்கி என்று அழைக்கப்படும் மீன் ஒன்று உண்டு. நீண்ட உடல், வாத்தலகு போன்ற வாய், கூரிய பற்கள். பத்தாயிரம் முறை எறிந்தால் ஒரு தடவை கடிக்கும் மீன் என்று அங்குள்ளவர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தோமானுக்கும் அதற்கும் உறவு கிடையாது என்றாலும், பதுங்கியிருந்து பாயும் குணம் ஒன்றுதான். அதனால் மஸ்கிக்கான கோலே தோமானுக்கும் சரி என்று நினைக்கத் தோன்றும்.

சரியில்லை. மஸ்கிக்கு வீசும் பொய் இரை 60 கிராமில் தொடங்கி 200 கிராமையும் தாண்டும். அதைத் தாங்க 8 அடி, 9 அடி நீளத்தில் தடித்த கோல்கள் வேண்டும். அங்குள்ள கயாக்காரர்களே அதில் சற்றுக் குட்டையானதைத்தான் தேடுகிறார்கள். நாம் வீசும் ரப்பர் தவளையும் ஸ்பூனும் பெரும்பாலும் 10 முதல் 28 கிராமுக்குள் அடங்கிவிடும். மஸ்கி கோலில் 15 கிராம் தவளையைக் கட்டி வீசினால் கோல் வளையவே வளையாது. தவளை பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கோலின் அளவை அல்ல, அதை அவர்கள் கணக்கிடும் முறையைத்தான்: முதலில் எந்த எடையை வீசப் போகிறோம், பிறகு எந்த இடத்தில் உட்காரப் போகிறோம்.

நமக்கு எந்த மீன், எந்தத் தண்ணீர்

ஒரே கோல் என்றால் அது குறைந்தது நான்கு மீன்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். முதலாவது தோமான். ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டக்கூடிய விரால் இனம் இது. தெமெங்கோர், கெனீர் போன்ற அணைக்கட்டு ஏரிகளிலும் பழைய ஈயக்குட்டைகளிலும் இருக்கிறது. காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அடிக்கடி மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகும். அந்தக் குமிழைப் பார்த்துத்தான் எறிய வேண்டும். இரண்டாவது ஹருவான், நம் ஊர் விரால். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் புண் ஆற வேண்டும் என்று சூப் வைத்துக் கொடுப்பார்களே, அதே மீன். புல்லும் தாமரையும் மண்டிய ஆழமற்ற இடங்களில் கிடக்கும். மூன்றாவது, ஆறும் அணையும் சேரும் இடங்களில் வேகமாக ஓடும் செபாராவ். நான்காவது, சதுப்புநிலக் கழிமுகங்களில் வேர்களுக்கிடையே பதுங்கும் சியாக்காப், அதாவது கொடுவா.

இவற்றில் மூன்று, கடித்தவுடன் அடைக்கலம் தேடி ஓடுகிறவை. தோமான் நீரில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகளுக்குள், ஹருவான் தாமரைத் தண்டுகளுக்குள், சியாக்காப் வேர்களுக்குள். அகநானூற்றின் 36ஆம் பாடலில் இதே காட்சி வருகிறது. இரும்பு முள்ளைக் கவ்விய வரால் நீர்ப்பூக்களைச் சிதைத்துக்கொண்டு பாய்கிறது; தூண்டிற்காரன் இழுத்தும் வர மறுக்கிறது. இரண்டாயிரம் ஆண்டாகியும் விராலின் பழக்கம் மாறவில்லை. ஓடத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் மீனின் தலையைத் திருப்பக்கூடிய முதுகெலும்பு கோலுக்கு இருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் மிகத் தடித்த கோலை வாங்கிவிடலாமா என்றால், கயாக்கில் அதற்கு அவசியமில்லை. கரையில் நிற்பவர் ஓர் அசையாத கம்பம். கயாக்கில் இருப்பவரை மீன் இழுத்துக்கொண்டு போகும். மீனின் வேகத்தில் ஒரு பங்கைப் படகே விட்டுக்கொடுக்கிறது. தடித்த கோல் கூடுதலாக எதையும் தந்துவிடாது, கையைத்தான் வலிக்க வைக்கும். நாள் முழுக்க உட்கார்ந்த நிலையில் எறிகிறவருக்கு அது பெரிய விஷயம். இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. முள்ளை அழுத்தக் கோலைச் சுண்டி இழுக்கும்போது, படகும் மீனை நோக்கி நகர்ந்துவிடும். சுண்டியதில் பாதி வீணாகும். ஆகவே மெலிந்த கோலும் உதவாது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மீடியம் ஹெவி. கோலின் அடிப்பகுதியில் எம்.எச். என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று நூலின் பலம்: 10 முதல் 20 பவுண்டு, அல்லது 12 முதல் 25 பவுண்டு என்றிருந்தால் சரி. மற்றொன்று இரையின் எடை: பெரும்பாலும் அவுன்ஸ் கணக்கில் போட்டிருப்பார்கள், ஓர் அவுன்ஸ் 28 கிராம். எட்டில் மூன்று அவுன்ஸிலிருந்து ஓர் அவுன்ஸ் வரை என்றால், அதாவது 10 முதல் 28 கிராம் வரை, நம் நான்கு மீன்களுக்கும் வீசும் இரைகள் அதில் அடங்கிவிடும். கம்பெனிப் பெயரைவிட இந்த இரண்டு வரிகளைப் படிப்பது முக்கியம். ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொரு கம்பெனியின் ஹெவியாக இருக்கும். எண்கள்தான் ஓரளவு உண்மையைச் சொல்லும்.

வளைவு பற்றியும் ஒரு சொல். நுனி மட்டும் வளையும் கோலை ஃபாஸ்ட் என்பார்கள்; பாதி வரை வளைவதை ரெகுலர் என்பார்கள். கயாக்குக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ரெகுலர் ஃபாஸ்ட்டே நல்லது. படகுக்கு அருகில் வந்த பிறகு தோமான் திடீரென்று கீழே பாயும். நூல் குறைவாக வெளியே இருக்கும் அந்த நேரத்தில், சற்று வளைந்து கொடுக்கிற கோல்தான் முள் கழன்று போகாமல் காக்கும்.

நீளமும் பிடியும்

நம் ஊர்த் தோமான் பிரியர்களிடம் 5 அடி 6 அங்குலம், 6 அடிக் கோல்களுக்கு மவுசு அதிகம். காட்டுக்குள் நடந்து சென்று கரையிலிருந்து எறிய அவை வசதி. கயாக்கில் அவை ஒரு சிக்கலைக் கொண்டுவரும்.

பிடிபட்ட மீன் எப்போதும் நமக்குப் பிடித்த பக்கமே நிற்காது. வலப்புறம் இருந்தது படகின் மூக்குப் பகுதிக்கு அடியில் புகுந்து இடப்புறம் போகும். அப்போது கோலை முன்னால் நீட்டி, நுனியைப் படகின் மூக்கைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் நூல் படகின் அடியில் உரசி அறுந்துவிடும். 10 அடிக் கயாக்கில் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு ஏறக்குறைய 5 அடி தள்ளி இருக்கும். 12 அடிக் கயாக்கில் 6 அடி. கோலின் பிடி நம் கைக்குள் போய்விடுவதைக் கழித்துப் பார்த்தால், 6 அடிக் கோல் எட்டாது, அல்லது மயிரிழையில் எட்டும். 7 அடிக் கோல் தாராளமாகச் சுற்றி வரும்.

அப்படியானால் 8 அடி இன்னும் நல்லதுதானே? மீனைக் கைக்கு எடுக்கும்போது அதன் தொல்லை தெரியும். கோல் நீளமாக ஆக, மீன் நம்மைவிட்டு அவ்வளவு தூரத்தில் தொங்கும். நின்றால் ஓரடி பின்னால் போகலாம். கயாக்கில் எங்கே போவது? சதுப்புநில ஓடைகளில் தலைக்கு மேல் கிளைகள் வேறு. ஆக, 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி வரை. 10 அடிப் படகுக்கு முதலாவது, 12 அடிப் படகுக்கு இரண்டாவது. ஓடையிலேயே அதிகம் சுற்றுகிறவர் குட்டையானதை எடுக்கலாம்.

முழு நீளத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது, ரீல் பொருத்தும் இடத்திலிருந்து அடி நுனி வரையுள்ள பின்பிடியின் நீளத்தை. கயாக் கோல் சரியா தவறா என்பதை முடிவு செய்வதே இதுதான் என்று சொல்வேன். பின்பிடி நீளமாக இருந்தால், எறியும்போது அது மிதவை அங்கியின் வாரில் மாட்டும். இரையைச் சுருட்டும்போது வயிற்றில் குத்தும். பக்கவாட்டில் திருப்பும்போது இருக்கையில் இடிக்கும். கோலைப் பிடித்தபடி முன்கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அடி நுனி முழங்கை வரை வந்து நின்றால் போதும். இரண்டு விரற்கடை தாண்டினால் பரவாயில்லை. 9 முதல் 11 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். பின்பிடியே இல்லாத அளவுக்குக் குட்டையாகவும் கூடாது. பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது அதை முன்கையில் அணைத்துக்கொண்டால்தான் மணிக்கட்டு தாங்கும்.

கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தவுக்கேவிடம் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கேளுங்கள், குட்டையானதாக. உட்கார்ந்து காலை நீட்டுங்கள். முடிந்தால் உங்கள் மிதவை அங்கியையே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ரீலைப் பொருத்தி, வலப்பக்கம், இடப்பக்கம், புறங்கை வீச்சு என்று மூன்றையும் செய்து பாருங்கள். கடையில் இருப்பவர்கள் சிரிக்கலாம். நானூறு வெள்ளி கொடுக்கப் போகிறவர் நீங்கள்.

கோல்கள் எப்படி உடைகின்றன

கயாக்கில் உடையும் கோல்களில் பல, பெரிய மீனால் உடைவதில்லை. கையருகே வந்த மீனால் உடைகின்றன. காரணம் உட்கார்ந்திருக்கும் நிலை. மீன் படகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அதை எட்டிப் பிடிக்க வேண்டும். இயல்பாகவே கோலைத் தலைக்கு மேல், இன்னும் சற்றுப் பின்னால் சாய்த்துத் தூக்குகிறோம். அந்த நிலையில் கோல் தலைகீழ் 'ப' போல வளைகிறது. மீனின் பாரம் முழுவதும் அடிப்பகுதியை விட்டுவிட்டு, பென்சில் முனையளவே உள்ள நுனியில் போய் உட்காருகிறது. அதற்குள் தோமான் ஒரு முறை தலையை உதறினால் போதும், பட்டென்ற சத்தம்.

கோலைச் செங்கோணத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். மீனைப் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலாக வழிநடத்தி, கோல் ஏந்திய கையைப் பின்னால் நீட்டி, மறுகையில் வலையோ கவ்வியோ கொண்டு எடுங்கள். கோலாலேயே மீனைத் தூக்கிப் படகில் போடுவது, கரையில் ஒரு கிலோ ஹருவானுக்குச் சரி. கயாக்கில் பழகவே கூடாது. தோமானின் வாய்க்குள் விரலை விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பற்களுக்காகத்தான் முள்ளுக்கு முன்னால் 60 பவுண்டுக்குக் குறையாத தடித்த பெரம்புட் நூலோ மெல்லிய கம்பியோ கட்டுகிறார்கள்.

கோலின் பொருளைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. முழுக் கார்பன் கோல் இலேசானது, கடிப்பதைத் துல்லியமாக உணர்த்தும், ஆனால் படகின் ஓரத்தில் ஒரு முறை பலமாக இடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து வேறொரு நாளில் ஒடியும். கண்ணாடி இழை கலந்தது சற்றுக் கனம், அடி தாங்கும். முதல் கயாக் கோலுக்குக் கலந்ததே போதும் என்பது என் கருத்து. அதேபோல் ஒரே துண்டா, இரண்டு துண்டா என்ற கேள்விக்கும் நம் வாகனமே பதில் சொல்லிவிடும். மோட்டார் சைக்கிளில் குட்டைக்குப் போகிறவருக்கு 7 அடி ஒரே துண்டு ஆகாது. நடுவில் பிரிவதைவிடப் பிடிக்கு மேலே பிரியும் கோல் கிடைத்தால் எடுங்கள், வளைவு கெடாது.

ரீலைப் பொறுத்தவரை, பி.சி. எனப்படும் பேட்காஸ்டிங் வகைக்கு ஏற்ற கோலையே பரிந்துரைக்கலாம். ரீல் கோலின் மேல் உட்காருவதால் கட்டைவிரலாலேயே நூலைக் கட்டுப்படுத்தி, தாமரை இலைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் இரையை இறக்க முடியும். 40 பவுண்டுப் பின்னல் நூலைச் சுற்றிக்கொண்டால் நான்கு மீன்களுக்கும் போதும். பழகாதவருக்கு நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும் தொல்லை உண்டு. அதைத் தண்ணீரின் நடுவில் பழகாமல் திடலில் ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். பி.சி. வேண்டவே வேண்டாம் என்பவர்கள் இதே அளவில் ஸ்பின்னிங் கோல் வாங்கலாம். ஆனால் ஒன்றுக்கு வாங்கிய கோலில் மற்றதன் ரீலைப் பொருத்த வேண்டாம். வளையங்களின் அளவும் திசையும் வேறு.

கோலுக்கு முன் வாங்க வேண்டியது

கோல்களின் விலை நூறு சொச்சம் வெள்ளியிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. நடுத்தர விலையில் வாங்கி, மிச்சத்தில் தரமான மிதவை அங்கி வாங்குங்கள். வரிசையைக்கூட மாற்றலாம்: அங்கி முதலில், கோல் பிறகு. ஈயக்குட்டைகள் ஆறு போல மெல்ல ஆழமாவதில்லை. ஈயம் தோண்டிய பள்ளம் என்பதால் கரையிலிருந்து இரண்டடியிலேயே செங்குத்தாக இறங்கும்; அடியில் கால் புதையும் சேறு. நீச்சல் தெரிந்தவர்களையே அவை பலி வாங்கியிருக்கின்றன. அங்கியை இருக்கைக்குப் பின்னால் சுருட்டி வைப்பது, அணியாததற்குச் சமம்.

கோலை ஒரு சுருள் கயிற்றால் படகோடு கட்டிவையுங்கள். கவிழ்ந்தால் கோல் நேராக அடிக்குப் போய்விடும். ஆனால் அந்தக் கயிற்றை உங்கள் உடம்போடு கட்டாதீர்கள். முன்புறக் கோல் தாங்கியில் கோலை நட்டு வைத்துக்கொண்டு கிளைகளுக்கு அடியில் புகாதீர்கள். நுனி மாட்டிப் படகு திரும்பிக் கவிழ்ந்துவிடும்.

மழை வருவதற்கு முன் இடி கேட்டால் எறிவதை நிறுத்திக் கோலைக் கீழே படுக்க வைத்துவிட்டு கரைக்குத் துடுப்புப் போடுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளித் தண்ணீரில் 7 அடிக் கார்பன் கோலை நிமிர்த்திப் பிடித்திருப்பவர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். மாலை நான்கு மணிக்கு மேல் மேகம் கறுக்கும் நம் நாட்டில் இது அபூர்வமான ஆபத்து அல்ல. குட்டைக்கு மேலாகப் போகும் மின்கம்பிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இன்னும் ஒன்று. நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாகச் சலசலக்கும் தோமான் குஞ்சுகளைப் பார்த்தால், அடியில் தாயும் தந்தையும் காவலுக்கு நிற்கும். அங்கே எறிந்தால் நிச்சயம் கடிக்கும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அந்தப் பெரிய மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். சிலர் அதை விளையாட்டு என்கிறார்கள். அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்கள் பக்கம்தான் நான். ரோயல் பெலும் மாநிலப் பூங்கா போன்ற இடங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்பதையும் கிளம்பும் முன் நினைவில் வையுங்கள்.

பழைய கோல் வாங்குகிறவர்கள் ஒரு துண்டுப் பஞ்சைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் அதைச் சுழற்றுங்கள். பஞ்சிழை எங்காவது பிடித்துக்கொண்டால் அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது; பின்னல் நூலை அது மீனோடு மீனாக அறுத்துவிடும். பிறகு கோலை வெளிச்சத்தில் சுழற்றி வெண்மையான புள்ளியோ குழியோ தெரிகிறதா என்று பாருங்கள். துண்டுகளைப் பொருத்தி ஆட்டும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.